தனி நேரம்

"என்னை ஏமாத்திட்டீங்கக்கா" என்றாள் சுகந்தி.

பிலோமினா கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

கல்வராயன் மலையில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடக்கும் முகாம் அது. பாறை ஏறுவது, ஓடை கடப்பது, கூடாரம் போடுவது என்று மூன்று நாள். பிலோமினா அங்கே தலைமைப் பயிற்சியாளர். சுகந்தி வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது. சார், மிஸ் என்ற பேச்சே அந்த மலையில் இல்லை. எல்லோரும் அக்கா, அண்ணன்.

மூன்றாம் நாள் மதியம் 'தனி நேரம்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரத்தடி. ஒரு பாய், ஒரு பாட்டில் தண்ணீர். ஒரு மணி நேரம் தன்னந்தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த பிள்ளை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சுகந்தியும் இங்கே அப்படி உட்கார்ந்தவள். விருத்தாசலத்திலிருந்து பள்ளிக்கூடத்தோடு வந்தாள். எட்டாம் வகுப்பு. பாத்ரூம் போகக்கூடத் துணை தேடுகிற பிள்ளை. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஆளே மாறிப்போனாள்.

சென்னைக்குப் படிக்க அனுப்ப மாட்டேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். காட்டிலேயே தனியாக உட்கார்ந்தவளுக்கு ஹாஸ்டல் ஒரு பெரிய விஷயமா என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள். பிடிக்காத சம்பந்தம் வந்தபோதும், கூடத்தில் அத்தனை பேர் நடுவே முடியாது என்று சொன்னபோதும், அந்த மரத்தடியைத்தான் மனதில் பிடித்துக்கொண்டாள். அவளிடம் இருந்த தைரியத்துக்கெல்லாம் முதல் அதுதான்.

இன்று காலை அலுவலகச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பிள்ளைகளின் பெயர். எதிரே பயிற்சியாளர்களின் பெயர். ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால், மேட்டில், புதர் மறைவில், ஐம்பது அடி தள்ளி ஒருவர் உட்கார்ந்திருப்பார். பிள்ளைக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

"அப்ப எனக்குப் பின்னாடியும் யாரோ இருந்திருக்காங்க."

"ஆமா."

"யாரு?"

"நான்தான். அது எனக்கு முதல் வருஷம்."

சுகந்தியின் முகம் விழுந்துவிட்டது.

"ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேக்கா. நான் தனியா இருந்ததே இல்லையா?"

பிலோமினா அடுத்த கயிற்றை எடுத்தார்.

இந்த நாடகத்தில் தனக்கு வேலை வேண்டாம், சாயந்தரம் பஸ்ஸுக்குப் போகிறேன் என்றாள் சுகந்தி. பிலோமினா தடுக்கவில்லை. பஸ் ஐந்தரைக்குத்தான், மதியம் ஓர் ஆள் குறைகிறது, அதை மட்டும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

"கனிஷ்கான்னு ஒரு பிள்ளை. நெய்வேலி. அவளுக்குப் பின்னாடி உட்காரு."

விதிகளையும் சொன்னார். பாம்பு, தேனீ, விலங்கு எது வந்தாலும் ஓடு. பிள்ளை உதவிக்குக் கூப்பிட்டாலும் ஓடு. அழுதால் மட்டும் எழுந்திருக்காதே.

மூன்று மணிக்கு உட்கார்ந்தார்கள். முன்னால் கனிஷ்கா, பின்னால் சுகந்தி.

பத்து நிமிஷம் அந்தப் பிள்ளை புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

சுகந்திக்கு உட்கார முடியவில்லை. துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாள். ஐம்பது அடிதான். நான்கு எட்டு ஓடினால் தூக்கிக்கொள்ளலாம். உட்கார்ந்திருந்தாள்.

சருகு சலசலத்தது. சுகந்தி கையில் கிடைத்த கல்லை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். வந்தது ஒரு கீரி. அது பாட்டுக்குப் போய்விட்டது. கையிலிருந்த கல்லைக் கீழே போட அவளுக்கு வெகு நேரம் பிடித்தது.

கனிஷ்கா மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். எறும்பு ஒன்றிடம் ஏதோ கேட்டாள். கடைசிப் பத்து நிமிஷம் மரத்தில் சாய்ந்து, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நான்கு மணிக்கு எல்லோரும் இறங்கினார்கள். "நான் அழவே இல்லையே" என்று கனிஷ்கா கூட்டத்தில் அளந்துகொண்டிருந்தாள். சுகந்திக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

காலையில் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள். காணவில்லை.

பிலோமினா சமையற்கட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சுகந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஒரு கீரிக்கே எனக்கு உசுரு போயிடுச்சுக்கா. அன்னிக்குப் பன்னி வந்தப்ப நீங்க எப்படி எழுந்து வராம இருந்தீங்க?"

"எந்தப் பன்னி?"

"காட்டுப் பன்னி. குட்டிங்களோட வந்துச்சே. என் பாயை மோந்து பார்த்துட்டுப் போச்சே. வீட்ல சொன்னா அப்புறம் வெளியவே விட மாட்டாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க பார்த்திருப்பீங்களே."

பிலோமினா டம்ளரைக் கீழே வைத்தார். ஓடைப் பக்கம் பார்த்தார்.

பிறகு சொன்னார். அன்று அடுத்த மரத்தடியில் இருந்த பையனைக் குளவி கொட்டிவிட்டது. முகம் வீங்கி மூச்சு முட்டியது. அவனுக்குப் பின்னால் இருந்தவரால் தனியாகத் தூக்க முடியவில்லை. இரண்டு பேருமாக ஜீப் வரை தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். பிலோமினா திரும்பி மேடேற நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் சுகந்தி வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"உன்னை மறந்தே போயிட்டேன் சுகந்தி. ஓடையைத் தாண்டினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

சுகந்தி அவர் பக்கம் திரும்பினாள்.

"காலையில நான் சொன்னது பொய். உனக்குப் பின்னாடி யாரும் இல்ல. நீ தனியாத்தான் இருந்த."

காலையில் சுகந்தி கேட்டதெல்லாம் இதைத்தான். பன்னிரண்டு வருஷப் பெருமை குறையாமல் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எப்படிக்கா விட்டுட்டுப் போனீங்க?" என்றாள். "அவ அப்ப சின்னப் பிள்ளைக்கா."