ஆறாவது வாளி

பிரான்சின் போர்தோ நகரில் ஒரு மது ஆலை. அங்கே எச்சில் வாளி கழுவுபவன் புதுச்சேரிச் சவரிராயன். ருசி பார்க்க வந்த நிபுணர் மொரேல், "மதுவை ருசித்துத் துப்பணும். விழுங்குபவன் குடிகாரன்," என்று உபதேசித்தார். ஆறு மது, மதுவுக்கு ஒன்றாகத் துப்ப மேஜையில் ஆறு வாளி. ஐந்தைப் புகழ்ந்தவர், ஆறாவதைக் கழுநீர் என்று ஏசினார்.

சவரிராயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடா இளிப்பு? நாக்கில் படாமல் எது உயர்ந்த மது என்று சொல். தப்பாகச் சொன்னால் வேலை போச்சு!" என்று சீறினார் மொரேல். அருகில் நின்ற ஆலை முதலாளியும் தலையாட்டினார்.

சவரிராயன் வாளிகளை எட்டிப் பார்த்தான்.

"ஆறாவதுதாங்க ஐயா."

"கழுநீரா?"

"மற்ற ஐந்து வாளியிலும் நீங்க துப்பினது கிடக்குது. ஆறாவது வாளி மட்டும் காய்ஞ்சு கிடக்குதே!"

மொரேல் அவசரமாக மீசையைத் துடைத்தார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாளிலிருந்து ஆறாவது மதுவுக்கு வாளியே வைக்கவில்லை; சவரிராயனுக்குக் கழுவ ஐந்தே வாளிதான்.