வேனில் இருந்த எட்டு மோட்டார்

கொடைக்கானல் ஓட்டல் முதலாளி பெனடிக்டுக்கு அன்று ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. மறுநாள் சீசன் தொடக்கம். முற்றத்தில் கோழியைப் புகையில் வேகவைக்கும் அடுப்புகள் இரண்டு விற்பனைக்கு வந்து நின்றன, ஒன்று கறுப்பு, ஒன்று பளபளக்கும் வெள்ளி. இரண்டில் ஒன்றை அவர் வாங்கியாக வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் துண்டுகளை நெருப்புக்குள் தள்ளும் மோட்டார் நின்றால் அடுப்பு அவ்வளவுதான். போன வருடம் அப்படித்தான் பாதி வெந்த கோழியோடு அவர் மானம் போனது.

"மோட்டாரைப் பாத்து வாங்குங்க முதலாளி" என்று பாத்திரம் தேய்க்கும் ராக்காயி சொல்லிவிட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "அப்ப நீயே சொல்லு. கழட்டக் கூடாது, ஓட்டிப் பாக்க நேரமில்ல. இந்த டீயைக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சொல்லணும். தப்பாச்சு, நாளைக்கு வேலைக்கு வராதே!"

விற்க வந்த தினகரன் வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டு மாடலும் நாலு வருஷமா மலை முழுக்கச் சரிபாதி ஓடுதும்மா. கறுப்பு சாதா. வெள்ளிதான் ராஜா!"

"ராஜா படுத்துட்டா, சார்?"

"ஒரு போன் போடு, ஒரு மணி நேரத்துல வேற மோட்டார் மாட்டிருவோம். வந்து பாரு!" வேன் கதவைப் படாரென்று திறந்தார். உள்ளே எட்டு மோட்டார்கள்.

"எல்லாம் வெள்ளிக்கா?"

"எல்லாமே!"

"கறுப்புக்கு ஒண்ணு காட்டுங்க."

"அதுக்கு எவன் கேக்குறான்? நாலு வருஷத்துல ஒருத்தன்கூட..." தினகரன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதலாளியின் டம்ளரில் இன்னும் பாதி டீ இருந்தது.

ராக்காயி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். "கறுப்பை உள்ள கொண்டுபோகச் சொல்லுங்க முதலாளி. வெள்ளியைச் சாரோட வேன்லயே ஏத்திருங்க. எட்டு மோட்டாரும் பக்கத்துலயே இருந்தாத்தான் அதுக்கு நல்லது."