ஐந்தாவது மயிலிறகு

ஒரு காட்டில் எல்லா விலங்குகளும் ஒற்றுமையாக வாழ்ந்தன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குழந்தைகளே. இந்தக் காட்டில் சண்டை இருந்தது, பொறாமை இருந்தது, ஒருவர் வளைக்குள் இன்னொருவர் போய்ப் படுத்துக்கொள்கிற அடாவடியும் இருந்தது. ஆனாலும் நல்ல காடுதான். எப்படி என்று சொல்கிறேன்.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஓர் ஐப்பசியில் அது கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. மூன்று நாள் வெள்ளம். வடிந்த பிறகு பார்த்தால், தாய் தகப்பன் இல்லாத குட்டிகள் அங்கங்கே நடுங்கிக்கொண்டு நின்றன.

யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. காட்டுக்கோழி செவத்தா ஒரு நீர்நாய்க் குட்டியைத் தன் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். நாரை நெடுங்காலி ஒரு முயல் குட்டியை எடுத்துக்கொண்டாள். காட்டுப்பன்றி மூக்காயி ஒரு முள்ளம்பன்றிக் குட்டியைத் தன் புதருக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

காட்டுக்குத் தலைவர் யானை. அவர் ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டார்.

"எடுத்து வளர்க்கிற பிள்ளைங்க மேல எவன் பல்லு பட்டாலும், என் காலு அவன் மேல படும்."

அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அப்புறம்தான் மயிலார் வந்தார். மயிலாருக்கு நல்ல மனசு. கூடவே மேடை ஆசையும் உண்டு. ஆலமரத்தடிப் பாறைமேல் ஏறி நின்று, "வளர்ப்புப் பெற்றோர் சங்கம் இன்று முதல் உதயமாகிறது!" என்று அகவினார். எல்லாரும் கைதட்டினார்கள். காட்டில் கைதட்டுவதற்கு ஆள் பஞ்சமே கிடையாது.

சங்கத்துக்கு ஒரே வேலைதான். மாதத்துக்கு ஒருநாள் காலையில் பாராட்டு விழா நடக்கும். பிள்ளை வளர்க்கிறவர்கள் வரிசையாக வந்து நிற்க வேண்டும். "தங்கள் இல்லத்தில் எப்படி?" என்று மயிலார் கேட்பார். "எல்லாம் நலம்" என்று பதில் சொல்ல வேண்டும். உடனே மயிலார் தம் தோகையிலிருந்து உதிர்ந்த ஓர் இறகைப் பொன்னாடை மாதிரி போர்த்துவார். விழா முடிந்துவிடும். அடுத்த விழா வரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

கோழி செவத்தாவிடம் இப்படி நான்கு இறகுகள் சேர்ந்துவிட்டன. நீர்நாய்க் குட்டிக்குத் துள்ளான் என்று பெயர் வைத்திருந்தாள். அந்தக் குட்டி மட்டும் தேறவே இல்லை.

செவத்தா தனக்குத் தெரிந்தபடிதான் வளர்த்தாள். வேறு எப்படி வளர்ப்பாள்? பொழுது விடிந்ததும் துள்ளானைப் புழுதியில் புரட்டிப் புரட்டி மண் குளியல் போட்டுவிடுவாள். கோழிக் குலத்தில் அதுதான் சுத்தம். பிறகு தினையும் சாமையும் பொறுக்கிக்கொண்டு வந்து முன்னால் போடுவாள். மழை இருந்த வரையில் மண்ணைக் கிளறினால் புழு கிடைத்தது, துள்ளானும் அதைத் தின்று காலத்தை ஓட்டினான். வெயில் ஏறியது. புழுக்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. வெறும் தினைதான் மிச்சம்.

"தொண்டையில குத்துதும்மா" என்பான் துள்ளான்.

"மென்னு தின்னுடா கண்ணு. உனக்குன்னு பொறுக்குனது."

"ஆத்துக்குப் போகட்டுமாம்மா?"

"அந்தப் பேச்சே எடுக்காத! ஆறுதானே உன்னைப் பெத்தவள முழுங்குச்சு?" என்று செவத்தா பதறிப்போவாள். அவன் படுக்கிற வளையின் வாசலில் கல்லை வேறு உருட்டி வைத்திருந்தாள்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? இருபது அடி தள்ளி, புதருக்கு அந்தப் பக்கம் இருந்த நாரை வீட்டு வாசலில் மீன் அழுகிக் கிடந்தது.

நாரை நெடுங்காலியும் தனக்குத் தெரிந்தபடிதான் வளர்த்தாள். தினமும் நல்ல கெளுத்தியாகப் பார்த்துப் பிடித்து வந்து முயல் குட்டி பஞ்சுவின் வாயருகே நீட்டுவாள். பஞ்சு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொள்வான். பசி வந்தால் நாரையின் கூட்டிலிருந்தே புல்லை உருவித் தின்பான். பாதிக் கூடு காணாமல் போயிருந்தது. போதாக்குறைக்கு, ஒற்றைக் காலில் நிற்கப் பழகு என்று அவனை வேறு படுத்திக்கொண்டிருந்தாள்.

மீன் வாசனை காற்றில் வரும்போதெல்லாம் துள்ளான் மூக்கைத் தூக்குவான். செவத்தா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள்.

"அடுத்த வீட்டுச் சாப்பாட்ட மோந்து பாக்குறது என்ன பழக்கம்?"

இரண்டு அம்மாக்களும் தண்ணீர்த் துறையில் தினமும் சந்தித்துக்கொள்வார்கள்.

"உன் பையன் எப்படிக்கா இருக்கான்?" என்பாள் செவத்தா.

"ராசாவாட்டம் இருக்கான். உன் பையன்?"

"தங்கம். ஒரு தொந்தரவு கிடையாது."

வீட்டுக்குத் திரும்பி, ஆளுக்கொரு மூலையில் அழுவார்கள். ஊரே நன்றாக வளர்க்கிறது, நமக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை என்று ஒவ்வொருத்தியும் நினைத்தாள். வெளியே சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்கிற பயம் வேறு.

அந்தப் பயத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒருநாள் நரி வந்தான்.

"என்ன தங்கச்சி, பிள்ளை இப்படி எலும்பும் தோலுமா கெடக்கு?"

"இல்லண்ணே... லேசா சளி பிடிச்சிருக்கு."

"என்கிட்ட மறைக்காதம்மா. இது ஊருக்குத் தெரிஞ்சா உன் மானம் என்னாகும்? நான் ஒரு வழி சொல்றேன். ஆத்து வளைவுல நீர்நாய்க் கூட்டம் ஒண்ணு இருக்கு. அவன் சாதிசனம். பிள்ளைய என்கிட்ட குடு, பத்திரமா சேர்த்துடுறேன்."

செவத்தா துள்ளானைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். "நானே கொண்டுபோய் விடட்டுமா?"

"கோழியப் பாத்தா அவங்க மிரண்டு ஓடிடுவாங்க. நாளைக்கு விழா முடிஞ்சதும் கருவேலம் புதர்ப் பக்கம் கூட்டிட்டு வா. யார்கிட்டயும் மூச்சு விடாத. நீயா குடுத்தேன்னா யானை அய்யாவும் கேக்க மாட்டாரு."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது நரியின் நாக்கில் எச்சில் ஊறியது. செவத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. பிள்ளை பிழைத்தால் போதும், யாரிடம் இருந்தால் என்ன என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு தலையாட்டிவிட்டாள்.

மறுநாள் ஐந்தாவது விழா. ஆலமரத்தடியில் காடே கூடியிருந்தது. வரிசையில் முதலில் காட்டுப்பன்றி மூக்காயி நின்றாள். உடம்பெல்லாம் சேறு.

"தங்கள் இல்லத்தில் எப்படி?" என்றார் மயிலார்.

"எல்லாம் நலம்."

ஓர் இறகு. கைதட்டல்.

அடுத்தது நாரை. "எல்லாம் நலம்" என்றாள். அவளுக்கும் ஓர் இறகு, அதே கைதட்டல்.

மூன்றாவதாகச் செவத்தா வந்தாள். துள்ளானைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். மயிலார் அன்றைக்கு உற்சாகமாக இருந்தார். "இம்முறை அன்னைக்கு அல்ல, செல்வனுக்கே இந்தச் சிறப்பு!" என்று சொல்லி, இறகைத் துள்ளானின் முதுகில் போர்த்தினார்.

துள்ளான் கால் மடங்கிக் கீழே விழுந்தான்.

ஒரு மயிலிறகு என்ன கனம் இருக்கும், குழந்தைகளே? அந்தக் கனத்தைக்கூடத் தாங்க அவன் உடம்பில் தெம்பு இல்லை.

கூட்டம் பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டது. செவத்தாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"எடுங்கய்யா உங்க இறக!" என்று கத்தினாள். "எங்க வீட்ல நலமில்ல. அஞ்சு மாசமா நலமில்ல. என்ன குடுத்தாலும் தின்ன மாட்டேங்குறான். மண் குளியல் போட்டா முடியெல்லாம் சிக்குப் பிடிக்குது. எனக்கு வளர்க்கத் தெரியல. நீங்க பிடுங்குறதுக்கு முன்னால நானே நரியண்ணன்கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன். ஆத்து வளைவுல இவன் சனங்க இருக்காங்களாம், அங்க கொண்டுபோய்ச் சேர்த்துடுவாராம்."

நாரை நெடுங்காலிதான் முதலில் கழுத்தை நீட்டினாள்.

"எந்த ஆத்து வளைவு? நான் விடிஞ்சா அடைஞ்சா அந்தத் தண்ணியிலதான் நிக்கிறேன். வெள்ளத்துக்கு அப்புறம் அங்க ஒரு நீர்நாயும் கிடையாதே, செவத்தா!"

எல்லாரும் நரியைத் தேடினார்கள். நரி கூட்டத்தின் பின்வரிசையில் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான். யானை ஒரு காலைத் தூக்கினார். தூக்கினது மட்டும்தான். நரி அன்றைக்கு ஓடின ஓட்டம் இரண்டு மலை தாண்டித்தான் நின்றதாம்.

அதற்குள் நாரை அழ ஆரம்பித்திருந்தாள்.

"நானும் பொய்தான் சொன்னேன். என் பய என் கூட்டையே தின்னுட்டு இருக்கான். நான் பிடிச்ச மீனெல்லாம் வாசல்ல அழுகுது."

"நான் மட்டும் என்னவாம்?" என்று மூக்காயி பக்கத்துக் குட்டையில் இறங்கி, மேலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். உடம்பெல்லாம் முள் குத்திய காயம். "பிள்ளை பாசமாத்தான் கட்டிப் பிடிக்குது. நான் என்ன செய்யட்டும்?"

துள்ளான் கீழே கிடந்தபடியே மூக்கைத் தூக்கினான். "மீனா?" என்றான்.

நாரை பறந்தே போய்விட்டாள். ஆற்றிலிருந்து துள்ளத் துள்ள ஒரு கெண்டையோடு திரும்பி வந்தாள். துள்ளான் தலையில் ஆரம்பித்து வாலில் முடித்தான். பிறகு ஓர் ஏப்பம் விட்டான். ஐந்து மாதத்தில் அவன் விட்ட முதல் ஏப்பம் அதுதான். செவத்தா அவனைச் சிறகால் மூடிக்கொண்டு சத்தமாக அழுதாள்.

அழுது முடித்ததும் பஞ்சுவைக் கூப்பிட்டாள். "நான் மேயுற சரிவுல இளம்புல்லா முளைச்சுக் கெடக்கு, கோழி எங்க அதத் தின்னுது? வாடா, காட்டுறேன்" என்றாள். மூக்காயிக்குக் கூட்டத்தில் இருந்த ஓர் ஆமைத் தாத்தா வழி சொன்னார். பின்பக்கமாக ஒண்டினால்தான் முள் குத்தும், மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டால் குத்தாது. அன்றைக்கே செய்து பார்த்தாள். குத்தவில்லை.

ஆறு ஒன்றுதான் பாக்கி. செவத்தாவுக்குத் தண்ணீர் பயம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

"நான் முழங்கால் தண்ணியில நிக்கிறேன். அமுங்கினா அலகால தூக்கிடுறேன், போதுமா?" என்றாள் நாரை.

துள்ளான் இறங்கினான். செவத்தா கரையில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே போட்ட கூச்சலில் மீன்கள்தான் பயந்தன. அவன் அமுங்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் மறு கரையில் தலையைத் தூக்கி, "அம்மா, இங்க பாரு!" என்று கத்தினான்.

சங்கத்தின் கதை உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய நான்கு விழாக்களையும் சங்கம் தன் கணக்கில் சேர்ப்பதில்லை.

புதிதாக ஒரு விதி வந்தது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டுக் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். "எல்லாம் நலம்" என்று சொல்பவரைத் தனியாக ஆலமர வேர்மேல் உட்கார வைத்துவிடுவார்கள், நன்றாக யோசித்துவிட்டு வந்து சொல்லட்டும் என்று. மயிலார் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் குறை பேசும் நேரத்தில் குட்டிகளைப் பிடித்து வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர் ஆடிக் காட்டினார். குட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தன. மேடையில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது, மயிலார் கோபத்தை மறந்துவிட்டார்.

துள்ளானைக் கீழே தள்ளிய அந்த ஐந்தாவது இறகை ஆலமரப் பொந்தில் செருகி வைத்தார்கள். புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் சங்கத்தின் கதையைச் சொல்வார்கள். கேள்விப்பட்டு அடுத்த மலைக்காரர்கள் வந்தார்கள், அதற்கு அடுத்த மலைக்காரர்களும் வந்தார்கள். ஆலமர நிழல் போதாமல் புளியமரத்தடி வரைக்கும் உட்கார்ந்தார்கள்.

வருடங்கள் ஓடின. ஒரு கூட்டத்துக்கு, வாட்டசாட்டமான ஒரு நீர்நாய் ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றான். துள்ளான்தான். வாயில் கவ்வி வந்த எதையோ மெதுவாகக் கீழே வைத்தான். அது ஒரு கௌதாரிக் குஞ்சு. நனைந்து போய், கோபமாகக் கீச்சிட்டது.

"கரையோரமா தனியா கெடந்துச்சும்மா" என்றான் துள்ளான் கூச்சத்தோடு. "எடுத்துக்கிட்டேன்."

"குறையச் சொல்லு முதல்ல!" என்றாள் மூக்காயி.

"ஒண்ணா ரெண்டா? கெண்டை மீனு குடுத்தா துப்புறான். தினம் மூணு வேள ஆத்துல முக்கி எடுக்குறேன், அப்படி அலறுறான். எனக்கு வளர்க்கத் தெரியல போலிருக்கும்மா."

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. செவத்தா சிரிக்கவில்லை. குஞ்சைத் தன் சிறகுக்குள் இழுத்துத் துவட்டிவிட்டு, துள்ளானைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"தினையும் இருக்கு, புழுதியும் இருக்கு, நானும் இருக்கேன்" என்றாள். "உனக்குத் தப்பாப் போட்ட மண் குளியலு, இன்னிக்குத்தான்டா சரியான ஆளத் தேடி வந்திருக்கு."

நீதி: பிறர் பிள்ளையை வளர்ப்பவரைப் பாராட்டுவதோடு நின்றுவிடாதே, அவர் வீட்டுக் குறையைக் கேட்டு, உன்னால் ஆனதைச் செய்.