ஆள்காட்டியின் ஆட்சேபம்

ஒரு காட்டில் கோடை முற்றினால் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிஞ்சும். மானும் முயலும் காட்டுப்பன்றியும் அங்கேதான் வந்தாக வேண்டும். வரும் என்று சிறுத்தைக்கும் தெரியும். அது ஒன்றும் முட்டாள் இல்லையே!

அதனால் காட்டுக்கு அரசரான யானை, குளத்துக்குக் காவல் போடத் தீர்மானித்தார். அரசாங்க வேலையை நினைத்தவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியுமா? போட்டி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். நம் ஊரில் டெண்டர் என்கிறோமே, அதேதான்.

மந்தி மரத்தில் ஏறி அறிவித்தது.

"சிறுத்தை வந்தால் குரல் கொடுக்க ஒரு காவல் வேண்டும்! முதல் மழை வரை வேலை! கூலியாகக் கரையில் இருக்கும் கூழாங்கல் மேடு கிடைக்கும். கேட்டால் சுற்றி முள்வேலியும் போட்டுத் தரப்படும். பௌர்ணமியன்று எல்லாரும் வந்து கத்திக் காட்டுங்கள். யார் குரல் பெரிதோ அவருக்கே வேலை! இந்த விதியில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா? இருந்தால் இப்போதே சொல்லுங்கள்!"

கூட்டத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவியும் அதன் கணவனும் நின்றிருந்தன. ஆள்காட்டி தெரியாதா? நெட்டை மஞ்சள் கால், கண்ணெதிரே சிவப்புச் சதை, எதைக் கண்டாலும் "டிட்டிட்டீ" என்று ஊரைக் கூட்டும் வாய். மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையிடும். எந்தக் குளம்பு எப்போது மிதிக்குமோ என்று பயந்தே அதற்குப் பாதி உயிர் போய்விடும்.

கணவன் காதில் கிசுகிசுத்தது. "இதென்ன கூத்தா இருக்கு? காவலுக்குக் கண்ணுல்ல வேணும்? கண்டாத்தானே கத்த முடியும்? எழுந்து சொல்லு."

"ஷ்ஷ்! சும்மா இருங்க. இந்தக் காட்டுல என்னை மிஞ்சிக் கத்த யார் இருக்கா? நமக்குன்னே போட்ட விதி. அதைப் போய்க் கெடுக்கச் சொல்றீங்களே!"

"மயில் இருக்கே?"

"மயிலா! அதுக்கு ஆடவே பொழுது போதல. அதுவா வந்து காவல் காக்கப்போகுது?"

"ஆட்சேபம் உண்டா?" என்று மந்தி மறுபடியும் கேட்டது.

ஆள்காட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அதோடு விட்டதா? அன்று மாலையே கூழாங்கல் மேட்டுக்குப் போய் முட்டையிட ஆரம்பித்தது.

"வேலையே இன்னும் கிடைக்கல!" என்று கணவன் பதறியது.

"கிடைச்ச மாதிரிதான். முள்வேலி போட்டதும் நிம்மதியா அடைகாப்பேன்."

பௌர்ணமி வந்தது. மேட்டில் நான்கு முட்டைகள். ஆள்காட்டி போட்டியில் கத்திய கத்தலில் கரையில் இருந்த தவளைகள் தண்ணீருக்குள் குதித்தன. "பேஷ்!" என்றது மந்தி.

அப்போது மயில் தோகையை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கழுத்தை நீட்டி ஒரே ஒரு முறை அகவியது. மலை திருப்பிக் கூவியது. மான்களின் காது மடங்கியது.

"வேலை மயிலுக்கே!" என்று மந்தி அறிவித்தது.

"வேலி போடட்டுமா?" என்று மயிலைக் கேட்டது.

"ஐயய்யே, வேண்டவே வேண்டாம்! முள்ளுல தோகை மாட்டிக்கும். அந்த மேட்டுல நான் ஆடணும்" என்றது மயில்.

ஆள்காட்டி முட்டைகளை நோக்கி ஓடியது.

மறுநாளிலிருந்து அதற்குத் தூக்கமும் இல்லை, தீனியும் இல்லை. மயில் தோகையை விரித்து மேட்டில் ஆடும். அதன் கண்ணெல்லாம் தன் தோகை மேல்தான். காலடியில் முட்டை இருப்பது தெரியவே தெரியாது. ஒரு விரல் தள்ளிக் கால் வைக்கும். ஒரு துண்டு மேகம் தென்பட்டால் போதும், மயில் மகிழ்ச்சியில் அகவும். சிறுத்தைதான் வந்துவிட்டது என்று மான்கள் மேட்டின் வழியாகப் பாய்ந்து ஓடும். ஒரு தடவை ஒரு குளம்பு முட்டையின் பக்கத்துக் கல்லை நொறுக்கிவிட்டுப் போனது.

ஆள்காட்டி யானையின் முன்னால் போய் விழுந்தது.

"அரசே, எனக்கு ஆட்சேபம் இருக்கிறது! காவலுக்கு வேண்டியது கண். குரலை மட்டும் பார்த்து வேலை கொடுத்தது தவறு. அந்தத் தீர்ப்பை ரத்து செய்யுங்கள்!"

யானை மயிலைக் கூப்பிட்டார்.

"நான் திருடினேனா, பொய் சொன்னேனா? கத்தச் சொன்னாங்க, கத்தினேன்" என்றது மயில்.

யானை ஆள்காட்டியைப் பார்த்தார். "நீ சொல்வது நியாயம்தான். கண் இல்லாத காவல் காவலே அல்ல. இது உனக்கு எப்போது தெரியும்?"

"இப்போ... ரெண்டு நாளா..."

பின்னால் கணவன் கனைத்தது.

"அறிவித்த அன்றே தெரியும், அரசே" என்றது ஆள்காட்டி.

"இரண்டு முறை கேட்டோமே! அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே விதியை மாற்றியிருப்பேன். ஏன் சொல்லவில்லை?"

ஆள்காட்டி காலால் மண்ணைக் கீறியது.

"நீ ஜெயித்திருந்தால் இன்று இந்த ஆட்சேபத்தோடு வந்திருப்பாயா?"

ஆள்காட்டி கணவனைத் திரும்பிப் பார்த்தது.

"தோற்றவர் வந்து கேட்டதும் விதியை மாற்றினால், நாளைக்கு ஒவ்வொரு தோற்றவரும் ஒரு விதியோடு வந்து நிற்பார். அடுத்த கோடையில் கண்ணையும் சோதிப்போம். இந்தக் கோடைக்கு மயில்தான்."

"அரசே, என் முட்டைகள் அந்த மேட்டில்..."

"மேட்டை உனக்கு நான் எப்போது கொடுத்தேன்?" என்றார் யானை.

ஆள்காட்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது.

அன்று மாலை மான்கள் தண்ணீரில் வாய் வைத்திருந்தன. மயில் மேகத்தைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை நாணலுக்குள் ஒரு புள்ளிவால் மெல்ல அசைந்தது. அதைக் கண்டது ஆள்காட்டி மட்டும்தான்.

கத்தினால் மான்கள் இந்தப் பக்கம்தான் ஓடிவரும், மேட்டின் மேலேயே. கத்தாவிட்டால் ஒரு மான் போகும், முட்டைகள் பிழைக்கும். கத்துவது அதன் வேலையும் இல்லை. அன்று கூட்டத்தில் வாயை மூடியதுபோல் இன்றும் மூடிக்கொள்ளலாம்.

கரையோரத்தில், பிறந்து சில நாளே ஆன மான்குட்டி ஒன்று தள்ளாடித் தள்ளாடித் தண்ணீருக்குப் போனது. சிறுத்தை உடம்பைத் தாழ்த்தியது.

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

மான்கள் துள்ளின. சிறுத்தை பாய்ந்தது, வெறும் தண்ணீரைத்தான் அறைந்தது. குளம்புகள் இடிபோல மேட்டைக் கடந்து போயின. மயில் பறந்துபோய் மரத்தில் உட்கார்ந்தது.

புழுதி அடங்கியதும் ஆள்காட்டி ஓடிப்போய்ப் பார்த்தது. நான்கில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது.

மறுநாள் காலை மந்தி மரத்தில் ஏறியது. "மயிலின் காவலில் ஒரு மான்கூடச் சாகவில்லை!" என்று அறிவித்தது. "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

ஆள்காட்டி ஒற்றை முட்டையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

நீதி: சும்மா சொல்லக்கூடிய வேளையில் நியாயத்தைச் சொல்லிவிடு, தள்ளிப்போட்டால் அதே நியாயத்தை விலை கொடுத்துச் சொல்ல நேரும்.