படம் தெளிவாகத்தான் இருந்தது

கடலில் மீன் இருமினால் கரையில் நின்றபடியே மருந்து சொல்வார் என்று செண்பகவல்லி ஆசானைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதில் பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதி நிஜம். ஓடிக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டருக்கு அடியில் நின்று, எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் தளர்ந்த நட்டு தானாகவே இறுகிக்கொண்டதும் உண்டு.

அவருடைய சீடர் இஞ்ஞாசி அவரைவிட மூத்தவர். தலை முழுக்க நரைத்த பிறகு வேலை கற்க வந்தவர். அதனால் குரு சீடரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடும் விநோதம் அந்த ஹெலிகாப்டர் கொட்டகையில் மட்டும் நடந்தது.

கடலில் காணாமல் போகிறவர்களைத் தேடும் ஹெலிகாப்டர் அது. மூக்குக்குக் கீழே கேமரா. விமானிக்கு முன்னால் திரை. இரண்டுக்கும் நடுவே வயரை இழுத்துப் பூட்டியவர் இஞ்ஞாசி. டிஜிட்டல் படம். அலையில் மிதக்கும் செருப்பைப் பார்த்து, வார் அறுந்ததா இல்லையா என்று சொல்லலாம், அவ்வளவு தெளிவு.

கேமராவைப் போட்டால் மட்டும் ரேடியோ 'உஸ்' என்று இரைந்தது.

இஞ்ஞாசி வயருக்கு மேல் அலுமினியத் தாளைச் சுற்றினார். இரைச்சல் போகவில்லை. அதற்கு மேல் இன்னொன்று சுற்றினார்.

"இன்னும் ஒரு போர்வை போத்துனீங்கன்னா அதுக்கு வேர்த்துக் கொட்டும் அண்ணாச்சி," என்றார் ஆசான்.

"வெளியில இருந்து எதுவும் வந்து படத்தைத் தொடக்கூடாது ஆசான்."

"படத்தை யாரும் தொடல. அதுதான் ஊரைத் தொட்டுக்கிட்டு இருக்கு. வயரோட ரெண்டு முனையையும் போய்ப் பாருங்க."

இஞ்ஞாசி பார்க்கவில்லை. மறுநாள் பெரிய அதிகாரிகள் படம் பார்க்க வருவதாக இருந்தது. ரேடியோவில் இரைச்சலை அடைக்க ஒரு திருகு உண்டு. அதை ஏற்றிவைத்தால் பலத்த குரல் உள்ளே வரும். மெலிந்ததெல்லாம் வாசலோடு நின்றுவிடும். இஞ்ஞாசி அதை ஏற்றிவைத்தார். உஸ் அடங்கியது. அதிகாரிகள் படத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஏற்றிய திருகை இறக்க அப்புறம் அவருக்கு நினைவு வரவில்லை.

கொட்டகைக்கு வெளியே நின்று கேட்ட ஆசான், இரைச்சல் ஒழிந்தது என்று டீ குடிக்கப் போனார். அவ்வளவு பெரிய காதும் அன்றைக்கு ஏமாந்தது.

ஆடி மாதம். மழை மூட்டத்தில் ஒரு படகின் எஞ்சின் நின்றுபோனது. அதில் இரண்டு பேர். ஒருவன் லூர்தன். மற்றவன் சிலுவை, இஞ்ஞாசியின் மனைவிக்குத் தம்பி. ஹெலிகாப்டர் தேடிப் போனது. திரையில் மேகம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

லூர்தன் மட்டும் படகோடு கரை ஒதுங்கினான்.

"தலைக்கு மேலதான் மாமா போச்சு," என்றான் இஞ்ஞாசியிடம். "சிலுவை மைக்கை விடவே இல்ல. பேட்டரி மங்கிப்போயிருந்துச்சு. 'அத்தான் கை வச்ச ஹெலிகாப்டருல, கேக்காமலா போவும்'னு சொல்லிக்கிட்டே கூப்பிட்டான். அப்புறம் ஒரு அலை..."



சிலுவைக்காகக் கோவிலில் பூசை முடிந்த மறுநாள் இஞ்ஞாசி ஆசானிடம் வந்தார்.

"எனக்கு ஒண்ணு தெரியணும் ஆசான். அந்தக் குரல் நம்ம ரேடியோவுக்கு வந்திருக்குமா?"

ஆசான் அவரைப் பார்த்தார். "அன்னைக்கு அந்த உஸ்ஸை எப்படி நிறுத்துனீங்க?"

"திருகை ஏத்திவச்சேன்."

"முனையைச் சரிபண்ணலியா?"

"இல்ல."

"நான் பண்ணிட்டீங்கன்னுல்லா நெனச்சேன்," என்றார் ஆசான்.

எழுந்தார். கையடக்க ரேடியோ ஒன்றை எடுத்து, அதன் பவரை, மங்கிப்போன அந்தப் பேட்டரி அளவுக்கு, அடிமட்டத்துக்கு இறக்கினார். லூர்தனின் படகில் ஏறினார்.

"நான் கடல்ல இருந்து கூப்பிடுதேன். நீங்க ஹெலிகாப்டருல உக்காந்து கேளுங்க."

படகு புள்ளியாகும் வரை இஞ்ஞாசி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்து கேமராவைப் போட்டார். ரேடியோவைப் போட்டார்.

ஒரு சத்தமும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி அமைதி.

திருகை இறக்கினார். 'உஸ்' என்று அப்பளம் பொரிகிற இரைச்சல். அதற்குள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

கேமராவை அணைத்தார்.

"...அண்ணாச்சி, கேக்குதா? அண்ணாச்சி, கேக்குதா?"

கை தானாக மைக்குக்குப் போனது. மைக்கை வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

வயரின் முனையைத் திறந்தார். உள்ளே, வயரைச் சுற்றிப் பின்னியிருந்த கம்பி வலை. அவசரத்தில் அதைப் பிரித்து முறுக்கி, எலி வால் மாதிரி நீட்டி, ஒரே ஒரு திருகாணியில் கட்டியிருந்தார். நடுவில் எத்தனை போர்வை சுற்றி என்ன? இரைச்சல் அத்தனையும் அந்த வால் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

வாலை வெட்டினார். வலையைப் பூப்போல விரித்தார். இணைப்பியின் வாயைச் சுற்றி எங்கும் இடைவெளி விடாமல் படியவைத்து, வளையம் போட்டு இறுக்கினார். மறு முனையிலும் அப்படியே செய்தார். கண்ணீர் மறைத்ததால் அங்கே நேரமாயிற்று. வெயில் சாய்ந்துவிட்டது.

கேமராவைப் போட்டார். படம் வந்தது. பழைய படமேதான். ஒரு புள்ளி கூடவும் இல்லை, ஒரு புள்ளி குறையவும் இல்லை.

"...ச்சி, கேக்குதா?"

தொண்டை கட்டிப்போன குரல். ஆனாலும் காதோரம் நின்று பேசுவது போல இருந்தது.

இஞ்ஞாசி மைக்கை எடுத்தார். "கேக்குது ஆசான்."

"கேமரா?"

"ஓடுது."

"திருகு?"

"இறக்கித்தான் இருக்கு."

அந்தப் பக்கம் ஆசான் இருமுவது கேட்டது.

"மத்தியானத்துல இருந்து கூப்பிட்டுக்கிட்டேவா இருந்தீங்க? நான் பதிலே சொல்லலியே ஆசான். யாரும் கேக்கலேன்னு விட்டிருக்கலாமே?"

படகில் மோதும் தண்ணீரின் சத்தம் கூடத் தெளிவாக வந்தது.

"யாரும் கேக்கலேன்னு, கூப்பிடுதவனுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?"