கொழிஞ்சி கசந்த கதை

ஆடும் செடியும் வயலும் ஓயாமல் வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கொழிஞ்சிச் செடி கரும்பு மாதிரி இனிக்கும். ஆடுகளுக்கு அதைக் கண்டால் போதும், ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஓடிவரும். குட்டிகள் வந்து மூக்கால் உரசும்போது கொழிஞ்சிக்கும் ஒரே சிரிப்பு, ஒரே கூச்சம்.

அந்தக் கொழிஞ்சி நின்ற வரப்பை ஒட்டித்தான் ஒச்சம்மாவின் வயல். ஒச்சம்மா சுத்தக்காரி என்றால் அப்படியொரு சுத்தக்காரி! அறுப்பு முடிந்ததும் வயலை வீட்டு வாசல் மாதிரி கூட்டிவிடுவாள். ஒரு வைக்கோல், ஒரு சருகு கிடக்கக் கூடாது. ஊரே மெச்சியது. வயல் மட்டும் வருஷத்துக்கு வருஷம் இளைத்தது. கடைசியில் பயிர் விரல் உயரத்தில் மஞ்சளாக நின்று கருகியே போய்விட்டது. மிஞ்சியது ஒரு மரக்கால் விதைநெல். அதுவும் பொய்த்தால் அடுப்பும் இல்லை, அடுத்த விதைப்பும் இல்லை.

"உனக்கு நான் என்னடி குறை வச்சேன்?" என்று வயலைப் பார்த்து அழுதாள் ஒச்சம்மா.

வயலுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "கேக்குறா பாரு கேள்வி! வருஷம் பூரா வழிச்சு வழிச்சு நீ திங்கிற. எனக்கு ஒரு வாய் போட்டியா? பச்சையா எதையாவது போடு தாயி, பசி உயிர் போகுது!"

வரப்பிலிருந்த கொழிஞ்சிக்கு மனசு கேட்கவில்லை. "நான் வயல்ல முளைச்சு வளர்றேன் அக்கா. பூத்ததும் என்னை அப்படியே மண்ணுக்குள்ள மடக்கி உழுதிடு. ஆனா அந்த மொட்டைக்கொம்பன் விடணுமே?"

மொட்டைக்கொம்பன் என்பது மந்தையின் பெரிய கிடா. "பூக்குற வரைக்கும் வாயே வைக்க மாட்டேன், சத்தியம்!" என்றது. கொழிஞ்சி வயலில் முளைத்து ஒரு சாண் வந்ததுதான் தாமதம், பாதியைக் காணோம். "என்ன பண்ணட்டும், வாய் நான் சொன்னா கேக்க மாட்டேங்குது" என்று அசைபோட்டபடியே சொன்னது கிடா.

கொழிஞ்சி பக்கத்து வேப்பமரத்தைக் கூப்பிட்டது. "உன் கசப்புல கொஞ்சம் குடு."

"யோசிச்சுக்க. அப்புறம் எந்தக் குட்டியும் உன்னைக் கொஞ்ச வராது" என்றது வேம்பு.

கொழிஞ்சி துள்ளி விளையாடும் குட்டிகளைப் பார்த்தது. ஒச்சம்மாவிடம் மிஞ்சிய அந்த ஒரு மரக்கால் விதைநெல்லை நினைத்துப் பார்த்தது. "ஊத்து" என்றது.

மறுநாள் ஒரு வாய் கடித்த மொட்டைக்கொம்பன், "த்தூ! ஐயய்யே!" என்று மந்தையோடு ஓடியே போனது. கொழிஞ்சி வயல் கொள்ளாமல் வளர்ந்து ஊதாவாகப் பூத்தது. உழ மனசில்லாமல் கலப்பையோடு நின்றாள் ஒச்சம்மா.

"அழகு பாத்தா வயிறு ரொம்புமா? தண்டு முத்துறதுக்குள்ள ஏரைப் பூட்டு அக்கா! வரப்புல இருக்கிற என் பிள்ளைகளை மட்டும் விதைக்கு விட்டுடு" என்றது கொழிஞ்சி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உழுதாள். தண்ணீர் கட்டியதும் கொழிஞ்சி சேற்றோடு சேறாக மட்கியது. வயல் விட்டது பார் ஓர் ஏப்பம், ஏழு ஊருக்குக் கேட்டிருக்கும்! மிஞ்சிய விதைநெல்லை நாற்றுவிட்டு நட்டாள் ஒச்சம்மா; அந்தப் போகம் கதிர் தலை தாங்காமல் சாய்ந்தது.

அன்றைக்குத்தான் ஆடு கொழிஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கியது. நாமும் அன்றிலிருந்துதான், அது பூத்ததும் மடக்கி உழுது, வயல் சாப்பிட்ட பிறகே நாற்றில் கை வைக்கிறோம்.