வெள்ளைக்கு நடுவில் வைத்த புள்ளி

விடியப்போகிற நேரம். வானிலை மையத்தின் திரை முழுக்க வங்கக்கடல். அதில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு.

செண்பகராமன் அந்த வெள்ளைக்கு நடுவில் சிவப்புப் புள்ளி வைத்தார். புயலின் மையம் அதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இருட்டில் சாட்டிலைட் எடுக்கும் வெப்பப் படத்தில் உயரமான மேகம்தான் பளீரென்று தெரியும். இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த ஆறு மாதத்தில் அவர் நன்றாகப் படித்த பாடம் அது.

திட்டுக்குத் தெற்கே மேகம் தெரியாத வெறும் கடல்; மேற்கே கடலில் முப்பத்தொரு படகுகள். அவற்றில் ஒன்று அவர் தங்கை புருஷனுடையது. துறைமுக வயர்லெஸ்காரர் ஃபோனில் காத்திருந்தார்.

"தெற்கே போகச் சொல்லிடவா சார்?"

"சொல்லி..."

"இருங்க" என்றார் அமலோற்பவம். மையத்தின் தலைமை அதிகாரி. செண்பகராமனுக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பவரும் அவர்தான்.

"மேடம், நேரமில்லை!"

அவர் பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் டீ ஊற்றினார். செண்பகராமனுக்கு ஆத்திரமாக வந்தது. உயிர் போகிற நேரத்தில் டீ என்ன வேண்டிக்கிடக்கிறது?

அமலோற்பவம் மேசை ஃபேனை டம்ளர் பக்கம் திருப்பினார். ஆவி சாய்ந்து ஓடியது.

"டம்ளர் தெரியலைன்னு வெச்சுக்குங்க. ஆவி மட்டும்தான் தெரியுது. டம்ளரை எங்கே தேடுவீங்க?"

ஆவியை நோக்கி நீண்ட செண்பகராமனின் கை பாதியில் நின்றது. பிறகு ஃபேன் பக்கம் நகர்ந்தது.

"நேத்து சாயங்காலம் பலூன் விட்டோமே. மேல்காத்து எங்கேயிருந்து அடிச்சுது?"

"தெற்கேயிருந்து மேடம். ரொம்ப பலமா."

சொல்லும்போதே அவர் பார்வை சிவப்புப் புள்ளியை விட்டுத் தெற்கே இறங்கியது.

வெளிச்சம் வந்தபின் எடுத்த முதல் படம் திரையில் விழுந்தது. வெள்ளைத் திட்டுக்கு வெகு தெற்கே, வெறும் கடல் என்று அவர் நினைத்த இடத்தில், தாழ்ந்த மேகங்கள் வட்டமாகச் சுருண்டிருந்தன. புயலின் மையம் அங்கேதான் இருந்தது. படகுகளை அவர் அனுப்பவிருந்த இடம் அது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"வடமேற்கே போகச் சொல்லுங்க. கரைக்கு. இப்பவே."

"அந்தப் பக்கம் மழை கொட்டுதே சார்?"

"நனையட்டும்யா!" என்று கத்தினார்.

முப்பத்தொரு படகும் கரைப்பக்கம் திரும்பிவிட்டதாகத் தகவல் வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை அவர் உட்காரவில்லை.

"சாட்டிலைட் இப்படி ஏமாத்திடுச்சே மேடம்."

அமலோற்பவம் திரையிலிருந்த சிவப்புப் புள்ளியை அழித்தார்.

"அது மேகத்தைக் காட்டிச்சு. புயல்னு சொன்னது நீங்க."